ஆர்.டி.இ. சீட்: விண்ணப்பம் போடும் முன்பும், சீட் கிடைத்த பின்பும்

"ஆர்.டி.இ.ல போட்டாச்சா?" ஏப்ரல் மாதம் வந்தால் மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிபடும் கேள்வி இதுதான். ஆர்.டி.இ. சீட் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் கட்டணமில்லாமல் கிடைக்கும் இடம். இ-சேவை மைய வாசலில் கூட்டம் சேரும்போது பாதிப் பேருக்கு ஏற்கெனவே நேரம் தப்பியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்காது. ஆதாரில் பழைய வீட்டு முகவரி இருக்கும். வருமானச் சான்றுக்கு அன்றுதான் மனு போட்டிருப்பார்கள். ஜனவரியிலேயே முடித்திருக்க வேண்டிய வேலைகள் இவை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 12(1)(சி) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழை, விளிம்புநிலைக் குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, எட்டாம் வகுப்பு வரை கட்டணமில்லாமல் படிக்கவைக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். எல்.கே.ஜி.யில் 60 பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியென்றால் 15 இடம். எந்தப் பள்ளியில் எத்தனை இடம் என்பதை கல்வித் துறையின் ஆர்.டி.இ. இணையதளத்திலேயே பார்க்கலாம். "எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாதுங்க" என்று வரவேற்பறையில் சொல்வதை நம்பித் திரும்பிவிட வேண்டாம்.

உண்மையிலேயே கிடையாத பள்ளிகளும் உண்டு. அவை சிறுபான்மை அந்தஸ்து பெற்றவை. 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு கொடுத்தது. 2014-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெறுகிற சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்து மொத்தமாகவே விலக்கியது. சிறுபான்மை என்றால் மதம் மட்டும் அல்ல, மொழிச் சிறுபான்மையும் அதில் அடங்கும். தெலுங்கு, மலையாளம், குஜராத்தி பேசுவோரின் அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகள் பெரிய நகரங்களில் நிறையவே இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இணையதளப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயமான வழி. ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: விலக்கு பள்ளிக்குத்தான். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே சிறுபான்மை அல்லாத பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

வருமானச் சான்று எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். பெற்றோரை அதிகம் அலையவைப்பது இந்தக் குழப்பம்தான். தமிழ்நாட்டில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் எல்லோரும் இதில் வருவார்கள். இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். மற்றொன்று, நலிவடைந்த பிரிவினர். சாதி எதுவானாலும் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். இதற்குத்தான் வருமானச் சான்றிதழ். ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டவர்கள், திருநங்கையர், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. உரிய சான்று இருந்தால் இவர்கள் குலுக்கலுக்கு நிற்கத் தேவையில்லை.

ஆக, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. சான்றிதழ் கையில் இருக்கும் குடும்பம் வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்தில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சாதிச் சான்று பிள்ளையின் பெயரில் இருப்பது நல்லது. அப்பாவுக்கு எப்போதோ கொடுத்த பழைய அட்டையைக் கொண்டுபோய் நீட்டினால் சரிபார்ப்பின்போது இழுபறியாகும். பிள்ளைக்கு எடுப்பது சிரமமும் இல்லை. இ-சேவையில் ஆர்.இ.வி.-101 என்ற எண்ணில் சாதிச் சான்று, 103 என்ற எண்ணில் வருமானச் சான்று. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய்.

மனு போட்டதும் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று ஒருவர் கணக்கிலிருந்து அடுத்தவர் கணக்குக்குப் போகும். எங்கே நிற்கிறது என்பதை விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் வி.ஏ.ஓ.விடம்தான் நிற்கும். சம்பளச் சீட்டு இல்லாத தினக்கூலிக் குடும்பமாக இருந்தால், அவர் கேட்கும்போது அப்பா, அம்மா இருவர் வருமானத்தையும் நேர்மையாகக் கூட்டிச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு. 2 லட்சம் என்பது மாதத்துக்கு 16,666 ரூபாய்தான். நகரத்தில் இருவரும் வேலைக்குப் போகும் பல ஏழைக் குடும்பங்களே அதைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினாலும் மேலே சொன்ன சாதிப் பிரிவுகளில் வந்தால் கதவு மூடவில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். போன ஆண்டு கல்லூரி உதவித்தொகைக்கு எடுத்தது வீட்டில் இருந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாகி, சரிபார்க்கும் நாளில் காலாவதியானால் வீண் வாக்குவாதம். பிப்ரவரி, மார்ச்சில் புதிதாக எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

பிறப்புச் சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிவாவது பெரும்பாலும் பெயர் இல்லாத பதிவு: "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை". பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயர் சேர்த்த சான்றிதழை சி.ஆர்.எஸ்.டி.என். என்ற பிறப்பு, இறப்புப் பதிவுத் தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ளலாம். பெயர் சேர்க்கப் போகும்போதே ஆதாரில் எந்த எழுத்தோ அதே எழுத்தில் சேருங்கள். தந்தை பெயர் ஆதாரில் முழுப்பெயராகவும், பிறப்புச் சான்றில் இனிஷியலோடும், குடும்ப அட்டையில் வேறு எழுத்திலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். அதற்காக விண்ணப்பம் தள்ளுபடி ஆகும் என்றில்லை. ஆனால் ஒரு இடத்துக்கு இருபது பேர் மோதும் பள்ளியில், எதைச் சாக்காக வைத்துக் கழிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்கு அதுவே போதும்.

வயதுக் கணக்கில் சலுகை இல்லை. எல்.கே.ஜி.க்கு அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதிக்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். நான்கு வயது நிறைந்திருக்கக் கூடாது. 2024-25 சேர்க்கைக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்த பிள்ளைகள் என்று கணக்கு வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வருடத்தைக் கூட்டிக்கொண்டால் போதும். ஆகஸ்ட் 2-இல் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டுவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து மட்டுமே தொடங்கும் பள்ளிகளில் ஐந்து வயது நிறைந்தவர்களுக்கு ஒன்றாம் வகுப்பே நுழைவு வகுப்பு. யு.கே.ஜி.க்கோ மூன்றாம் வகுப்புக்கோ ஆர்.டி.இ. கிடையாது. "முதல்ல எல்.கே.ஜி. பணம் கட்டிச் சேர்த்துடலாம், அடுத்த வருஷம் ஆர்.டி.இ.ல மாத்திக்கலாம்" என்று நினைப்பவர்கள் சீட்டை அங்கேயே இழந்துவிடுகிறார்கள்.

வரைபடத்தில் ஒரு புள்ளி

விண்ணப்பம் ஆன்லைனில்தான். வழக்கமாக ஏப்ரல் மூன்றாவது வாரவாக்கில் திறந்து மே மாதம் மூடும். 2024-இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை திறந்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகம், வட்டார வள மையம், மாவட்டக் கல்வி அலுவலகம், இ-சேவை மையம் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். "சீட் உறுதி, இவ்வளவு கொடுங்க" என்று வரும் தரகர்களுக்கு இந்த நடைமுறையில் எந்த வேலையும் இல்லை. குலுக்கலில் அவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. சீட் தற்செயலாகக் கிடைத்தால் பணத்தை வைத்துக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள்.

பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தவறு அதிகம் நடக்கும் இடம் இது. வீட்டின் இருப்பிடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டியிருக்கும். மையத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் தெரு தெரியாது. அன்றைக்கு அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். தெருப் பெயரைத் தட்டியதும் வந்து விழும் புள்ளியை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பிள்ளையார் கோயில் தெரு என்று தேடினால் ஒரே ஊரில் நான்கு வரும். புள்ளி தவறான தெருவில் விழுந்தால் நீங்கள் கேட்கும் பள்ளி பட்டியலிலேயே வராது. வந்தாலும் சரிபார்க்கும்போது முகவரியும் தூரமும் ஒத்துப்போகாது. அதற்கு முந்தின நாளே கைப்பேசியில் வீட்டு வாசலில் நின்று இருப்பிடத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, மையத்தில் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பக்கத்திலுள்ள கடை, கோயில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. ஆதாரிலோ குடும்ப அட்டையிலோ இப்போதைய முகவரி இருக்க வேண்டும். முகவரி மாற்றத்தை ஏப்ரலில் தொடங்கினால் முடியாது, பொங்கல் கழித்தவுடன் தொடங்கிவிட வேண்டும். பிரபலமான பள்ளிக்காக உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சரிபார்ப்பில் தெரிந்தால் விண்ணப்பம் போகும். சேர்ந்த பிறகு தெரிந்தால் இன்னும் மோசம். அப்படிச் செய்வதை விட, ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாப் பள்ளிகளையும் பார்த்து ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். ஊரில் பெயர்போன ஒரே பள்ளியை மட்டும் போட்டுவிட்டுக் குலுக்கலில் தோற்றுப்போகும் குடும்பங்களே அதிகம். அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் நர்சரி பள்ளியில் இடம் நிரம்பாமல் கிடக்கும்.

ஆனால் அந்தச் சின்ன நர்சரி அண்ட் பிரைமரி பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். அது ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு தனியார் பள்ளிக்குப் போனால் ஆர்.டி.இ. சலுகை அங்கே தொடராது, ஏனென்றால் சேர்க்கை நுழைவு வகுப்பில் மட்டும்தான். எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியும், ஐந்து வரை உள்ள பள்ளியும் பட்டியலில் அடுத்தடுத்து இருந்தால், முன்னதற்கே முதலிடம் கொடுங்கள். எல்.கே.ஜி.யில் தொடங்கி எட்டு முடிக்கப் பத்து ஆண்டுகள். இடையில் நீங்களாகப் பள்ளியை மாற்றினாலும், வீடு மாறிப் போனாலும், மீதி ஆண்டுகள் கையைவிட்டுப் போய்விடும்.

கைப்பேசி எண் கேட்கும் இடத்தில் மைய ஊழியரின் எண்ணையோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடும் எண்ணையோ கொடுக்கக் கூடாது. எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும். விண்ணப்ப எண் வந்த பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள், படமும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிந்ததும் தகுதியானவர்கள் பட்டியலும், தள்ளுபடி ஆனவர்கள் பட்டியலும் வெளியாகும். இரண்டாவது பட்டியலில் காரணமும் எழுதியிருக்கும். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், இணையதளத்திலும் இருக்கும். இந்தச் சில நாள்தான் தவறைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு. "சான்றிதழ் தெளிவாக இல்லை" என்ற காரணத்துக்காகத் தள்ளியிருந்தால், மூலச் சான்றோடு உடனே வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்க்க வேண்டும். குலுக்கல் முடிந்த பிறகு போனால் அவரும் கையை விரிப்பார்.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பள்ளியிலேயே, கல்வித் துறையின் பிரதிநிதியும் பெற்றோரும் இருக்கும்போது நடக்கும். போகாமல் இருந்துவிடாதீர்கள். துண்டுச் சீட்டுகளைப் போடும்போது எண்ணச் சொல்லலாம். தகுதிப் பட்டியலில் 48 பேர் என்றால் பெட்டிக்குள் 48 சீட்டு. எல்லாப் பெயரும் இருக்கிறதா என்று ஒரு பெற்றோர் வாசித்துப் பார்க்கக் கேட்பதில் தவறே இல்லை. எடுத்து முடித்ததும் காத்திருப்புப் பட்டியலையும் வரிசைப்படி அறிவிக்கச் சொல்லுங்கள், பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளிகளில் தேர்வான பிள்ளை ஒன்றை விடும்போது அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போக வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் அந்த இடம் சத்தமில்லாமல் பணம் கட்டுபவருக்குப் போய்விடும்.

"கவர்மென்ட் இன்னும் தரலைங்க, நீங்க கட்டுங்க"

சீட் கிடைத்த பின் வரும் பெரிய தொல்லை இது. இதைப் புரிந்துகொள்ளப் பணம் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். பள்ளி வசூலிக்கும் கட்டணம், அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு பள்ளிக்குக் கொடுக்கும். 12(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உதாரணத்துக்கு, ஒரு பள்ளியின் கட்டணம் 28,000 ரூபாய், அரசு நிர்ணயித்த தொகை 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 15,000 பள்ளியின் சுமை. அதைப் பெற்றோரிடம் கேட்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. கொடுக்க வேண்டிய தொகையும் உரிய காலத்தில் வருவதில்லை. ஓராண்டின் பணம் அடுத்த ஆண்டோ அதற்கும் பிறகோ வருகிறது. பள்ளி நிர்வாகங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சின்னப் பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பளமே இதில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கடன் அரசுக்கும் பள்ளிக்கும் இடையிலானது. பிள்ளையின் பெற்றோர் அதில் ஜாமீன்தாரர் அல்ல.

இதில் பள்ளிகள் கையாளும் வழிகள் பல. "இப்ப கட்டுங்க, கவர்மென்ட் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்பது நேரடியான வழி. மற்றவை மறைமுகமானவை. ஆக்டிவிட்டி ஃபீஸ், ஸ்மார்ட் கிளாஸ், ஸ்பெஷல் கோச்சிங், டெவலப்மென்ட் என்று பெயர் மாறும். ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் கையால் எழுதித் தருவார்கள். இல்லாவிட்டால், "அக்கவுன்டன்ட் மேடம் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்பார்கள். அப்படி ஒரு ரூபாய்கூடச் செலுத்தக் கூடாது. எது கட்டினாலும் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு, பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்தத் தலைப்பில் என்ற விவரத்தோடு அச்சிட்ட ரசீது வேண்டும். ரசீது தர மறுக்கும் கட்டணம் பெரும்பாலும் கேட்கக்கூடாத கட்டணம்.

பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்பதையும் தமிழ்நாட்டில் ஒரு குழுதான் தீர்மானிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் இயங்கும் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கட்டணம் நிர்ணயிக்கும். உங்கள் பள்ளிக்கான ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பள்ளி கேட்கும் தலைப்புகள் அதில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஆர்.டி.இ. பிள்ளை இல்லாத பெற்றோருக்கும் இது உதவும்.

புத்தகம், சீருடை விஷயத்தில்தான் அதிகச் சண்டை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், ஆர்.டி.இ. பிள்ளைகளின் புத்தகம், சீருடை, எழுதுபொருள் செலவையும் அரசே ஏற்க வேண்டும், பள்ளி அதைப் பெற்றோரிடம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார். வழக்கு வேலூர் மாவட்டப் பிள்ளை ஒருவருக்காகப் போடப்பட்டது. நடைமுறையில் பல பள்ளிகள் இன்னும் கேட்கின்றன, பெரும்பாலான பெற்றோர் கட்டிவிடுகிறார்கள். பிள்ளை மட்டும் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. கட்டுவதாக இருந்தாலும் ரசீதோடு கட்டுங்கள். வேன் கட்டணம் பெற்றோர் பொறுப்பு. ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு வேன் எதற்கு என்பது வேறு கேள்வி.

வாய்ச்சண்டையில் ஒன்றும் நடக்காது. எழுத்தில் கொடுக்க வேண்டும். முதல் கடிதம் பள்ளித் தாளாளருக்கு, நான்கு வரி போதும்: "என் மகள் (பெயர்), யு.கே.ஜி., கல்வி உரிமைச் சட்டம் 12(1)(சி) பிரிவில் (ஆண்டு) சேர்க்கப்பட்டவர். (தேதி) அன்று (தொகை) ரூபாய் (தலைப்பு) என்று கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். எந்த ஆணையின்படி இந்தத் தொகை கேட்கப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பாதிப் பிரச்சினைகள் இந்தக் கடிதத்திலேயே அடங்கிவிடும், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லப் பள்ளியால் முடியாது.

அடங்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், பதில் சொல்லியாக வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, முதல்வரின் முகவரி 1100. சட்டத்தின் 32-ஆவது பிரிவில் கொடுக்கும் புகாரை மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடிவு சரியில்லை என்றால் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகும்.

இவை எல்லாவற்றையும் விட வேலை செய்வது பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு தகவல் உரிமை மனு. கேள்வி இரண்டு போதும். இந்தப் பள்ளிக்கு இந்தக் கல்வியாண்டில் 12(1)(சி) பிரிவில் எத்தனை பிள்ளைகளுக்கு, வகுப்புவாரியாக எவ்வளவு தொகை கோரப்பட்டது? அதில் எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது? முப்பது நாளில் பதில் வர வேண்டும். "கவர்மென்ட் தரலை" என்று சொல்லும் ஆண்டுக்கான பணம் ஏற்கெனவே பள்ளிக் கணக்குக்குப் போயிருப்பது சில நேரம் இந்தப் பதிலில் தெரியவரும். உங்கள் பிள்ளையின் பெயரில் பள்ளி பணம் கோரியிருக்கிறதா என்பதும் தெரியும். மாணவர் விவரங்களைக் கல்வித் துறை வைத்திருக்கும் எமிஸ் பதிவில் பிள்ளை ஆர்.டி.இ. என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒருமுறை இதைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பது, ஆண்டு விழாவில் சேர்க்காமல் விடுவது, "ஆர்.டி.இ. பசங்க எழுந்திருங்க" என்று வகுப்பில் எழுப்புவது எல்லாம் விதிமீறல். ஆர்.டி.இ. பிள்ளைகளைத் தனி வகுப்பிலோ தனி நேரத்திலோ வைக்கக் கூடாது. சேர்க்கையின்போது பிள்ளையை எழுதச் சொல்வதும் பெற்றோரைக் கேள்வி கேட்டுக் கழிப்பதும் 13-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றவும் முடியாது. "ஃபீஸ் கட்டலைன்னா டி.சி. கொடுத்துடுவோம்" என்பது வெற்று மிரட்டல். டி.சி. வேண்டும் என்று பெற்றோரையே எழுதிக் கொடுக்க வைப்பதுதான் இதில் நடக்கும் தந்திரம். அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அதோடு சீட் முடிந்தது.

2025-இல் நடந்தது

தேசிய கல்விக் கொள்கை, ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டம் தொடர்பான தகராறில், பள்ளிக் கல்விக்காக மாநிலத்துக்குத் தரும் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஆர்.டி.இ. பணத்தில் ஒன்றிய அரசின் பங்கும் அந்த வழியாகத்தான் வரும். ஏப்ரலில் திறக்க வேண்டிய இணையதளம் திறக்கவே இல்லை. ஜூன் 10 அன்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, ஆர்.டி.இ. நிதியைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று சொன்னது. ஒன்றிய அரசிடமிருந்து பணம் வரவில்லை என்பதைக் காரணம் காட்டி மாநில அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் சொன்னது. அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதுவும் அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

பணம் கட்ட முடியாதவர்களுக்காக வந்த திட்டத்தில், ஜூனில் பணம் கட்டியவர்களுக்குத்தான் அக்டோபரில் சீட். காத்திருந்து பார்த்துவிட்டு அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ அனுப்பிய குடும்பங்கள் வரிசையிலேயே இல்லை. பணம் கட்டியவர்களிலும் ரசீது இல்லாதவர்கள் திருப்பி வாங்கும்போது திண்டாடும் நிலை. நிதித் தகராறு மறுபடியும் வந்தால் இதே முறை திரும்பலாம். அதனால் இணையதளம் திறக்கத் தாமதமாகும் ஆண்டில், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்போடு ரசீது வைத்துக்கொள்வதும், சாதிச் சான்றையோ காலாவதியாகாத வருமானச் சான்றையோ கையில் வைத்திருப்பதும் நல்லது.

எட்டாம் வகுப்புக்கு அப்புறம்

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் முழுக் கட்டணம். பல பெற்றோருக்கு எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் இது உறைக்கிறது. பிள்ளை பத்து வருடம் பழகிய பள்ளி, நண்பர்கள், ஆசிரியர்கள். கடன் வாங்கியாவது தொடரலாம் என்றுதான் முதலில் தோன்றும். முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் இதே கணக்குதான். அதாவது ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு வழியின் பலனும் உண்டு. பணம் கட்டி அதே பள்ளியில் தொடரும் பிள்ளைக்கு இவை இரண்டும் கிடையாது. எங்கள் கருத்தில், கட்டணம் கட்டச் சிரமப்படும் குடும்பம் இங்கே தயங்கவே தேவையில்லை. பத்தாம் வகுப்பில் மாற்றலாம் என்று ஓராண்டு தள்ளிப்போட்டால்கூடத் தகுதி போய்விடும்.

ஆனால் நான்கு ஆண்டு கழித்துக் கலந்தாய்வில் போய் நிற்கும்போது, ஆறு முதல் எட்டு வரை ஆர்.டி.இ.யில்தான் படித்தார் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். டி.சி.யில் அது தெளிவாக இருக்காது. எட்டாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கும் அன்றே பள்ளியின் கடிதத்தாளில் தனிச் சான்று கேட்டு வாங்குங்கள். பிள்ளையின் பெயர், எமிஸ் எண், எந்த ஆண்டு எந்த வகுப்பு என்ற விவரம், "கல்வி உரிமைச் சட்டம் 2009, 12(1)(சி) பிரிவின் கீழ் பயின்றார்" என்ற வரி, தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை. சேர்க்கை ஆண்டின் தேர்வுப் பட்டியலின் படத்தையும் எல்.கே.ஜி. விண்ணப்ப அச்சையும் அதோடு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளிகள் மூடப்படுவதும் நிர்வாகம் கைமாறுவதும் உண்டு. அப்படி ஆன பிறகு இந்தச் சான்றைத் தேடி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.